எல்லைக் கயிறும் ஏட்டுக் கணக்கும்

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில், 2015-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு விழாவை முன்னிட்டு எழுந்த கிரீன்ஃபீல்டு மைதானத்தில், 2023 ஜனவரி 15 அன்று விராட் கோலி 110 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 166 ஓட்டங்கள் குவித்தார் என்பதும், அவற்றுள் 13 பவுண்டரிகளும் 8 சிக்சர்களும் அடங்கும் என்பதும், இந்தியாவின் 390 ஓட்டங்களுக்கு எதிராக இலங்கை அணி 73 ஓட்டங்களில் சுருண்டது என்பதும் கிரிக்கெட் ஏடுகளில் நிலைபெற்றுவிட்ட செய்திகள். ஆனால், அந்த எட்டுச் சிக்சர்களும் தாண்டிச் சென்ற எல்லைக் கயிறு ஆடுகளத்தின் மத்தியிலிருந்து எத்தனை கஜ தூரத்தில் கிடந்தது என்பதை ஸ்கோர் பட்டியலில் தேடினால் கிடைக்காது. தொலைக்காட்சியில் ஆட்டத் துவக்கத்தில் சில விநாடிகள் காட்டப்பட்டு மறைந்துபோகும் அந்த எண், ஓட்டங்களின் கணக்கோடு சேர்த்து எழுதி வைக்கப்பட வேண்டிய எண் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் விதிப்படி ஆடவர் ஆட்டங்களில் எல்லை எந்தத் திசையிலும் 90 கஜத்துக்கு மேற்படக் கூடாது; 65 கஜத்துக்குக் குறையவும் கூடாது. வேலியிலிருந்தோ விளம்பரப் பலகைகளிலிருந்தோ குறைந்தபட்சம் 3 கஜம் உள்ளே தள்ளிக் கயிறு கிடக்க வேண்டும் என்பது, ஓடிவரும் வீரன் மோதி அடிபடாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட நியாயமான ஏற்பாடு. இந்த எண்களைப் பார்த்து, 65-க்கும் 90-க்கும் இடையே உள்ளது வெறும் 25 கஜம்தானே என்று எண்ணிவிடலாகாது. வட்டத்தின் விஸ்தீரணம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆகையால், 90 கஜ ஆரமுள்ள மைதானம் 65 கஜ ஆரமுள்ள மைதானத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு பெரியது. அந்த இரு மடங்கு நிலத்தையும் காப்பவர்கள், பந்து வீச்சாளரையும் விக்கெட் கீப்பரையும் நீக்கினால், அதே ஒன்பது பேர்தாம். 75 கஜத்தில் இருக்க வேண்டிய கயிற்றை 70 கஜத்துக்கு இழுத்துப் போட்டாலே மைதானத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு மறைந்துபோகிறது. இரண்டு ஓட்டம், மூன்று ஓட்டம் என்று மூச்சிரைக்க ஓடிச் சேர்த்த அந்தப் பழைய அழகும் அதனோடு மறைகிறது.

இதில் அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்திடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி. அங்கும் மைதானங்கள் ஒன்றைப் போல் ஒன்று இருந்ததில்லை. நியூயார்க்கின் பழைய போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் வலப்புறக் கோட்டோரம் சுமார் 257 அடியிலேயே சுவர் வந்துவிடும்; நேர் நடுவிலோ அது 480 அடிக்கும் அப்பால் விலகி நிற்கும். அந்த அண்மைச் சுவரை நோக்கி இடக்கையால் அடித்துப் பழகிய மெல் ஆட் என்ற வீரர் தம் வாழ்நாளில் எடுத்த 511 ஹோம் ரன்களில் (நம் சிக்சருக்கு நிகரானவை) 323 அந்த ஒரே மைதானத்தில் எடுக்கப்பட்டவை. அதே மைதானத்தில்தான் 1954-ஆம் ஆண்டு உலகத் தொடரில், வேறு பல மைதானங்களில் சுவரைத் தாண்டியிருக்கக் கூடிய ஓர் அடியை, வில்லி மேஸ் சுவருக்கு முதுகு காட்டாமல், அடித்தவருக்கே முதுகைக் காட்டி ஓடிப் பிடித்தார். பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கில் இடப்புறச் சுவர் 310 அடி தூரத்தில் இருந்தாலும் 37 அடி உயரம் நிமிர்ந்து நிற்பதால், தாழ்வாகவும் பலமாகவும் அடிக்கப்பட்ட பந்து அதில் மோதி விழுந்துவிட, உயரத் தூக்கி அடிக்கப்பட்ட பலவீனமான பந்து எளிதில் பலன் பெறுகிறது. இத்தகைய வேற்றுமைகளைக் கண்டே, 1958 ஜூன் முதல் தேதிக்குப் பின் கட்டப்படும் மைதானங்களில் கோட்டோரச் சுவர் 325 அடிக்கும், நடுச்சுவர் 400 அடிக்கும் குறையக் கூடாதென்று விதி செய்தார்கள். பழைய மைதானங்களை அப்படியே விட்டார்கள். கிரிக்கெட்டிலும் 2007-க்கு முன்பே அங்கீகாரம் பெற்ற மைதானங்களுக்கு இதே போன்ற விதிவிலக்கு உண்டு. பேதம் எங்கே என்றால், பேஸ்பாலில் அந்தந்தச் சுவரின் மீதே அதன் தூரம் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. மெல் ஆட்டின் கணக்கை இன்று படிக்கும் சிறுவனும் 257 அடியைச் சேர்த்தே படிக்கிறான்.

நமக்கு அந்த வசதி இல்லை. 1988 ஜனவரி 25 அன்று இதே திருவனந்தபுரத்தின் பல்கலைக்கழக மைதானத்தில், விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராக நம் சென்னை ஸ்ரீகாந்த் 101 ஓட்டங்கள் எடுத்ததையும், பில் சிம்மன்ஸ் அதற்குப் பதில் சதம் அடித்து ஆட்டத்தை ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தம் அணிக்கு வென்று தந்ததையும் இந்நகரத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்தச் சதத்தையும் காரியவட்டத்துச் சதங்களையும் அருகருகே வைத்துப் பேச விரும்புகிறவன் எதை அளவுகோலாகக் கொள்வான்? மட்டையைப் பற்றியாவது பிரமாணம் உண்டு: 2017-இல் திருத்தப்பட்ட சட்டம் அதன் ஓரத்தை 40 மில்லிமீட்டருக்கும், கனத்தை 67 மில்லிமீட்டருக்கும் கட்டுப்படுத்தியிருக்கிறது. கயிற்றைப் பற்றி அன்றும் பதிவில்லை, இன்றும் பதிவில்லை.

ஒரே கயிறு இரு அணிகளுக்கும் பொதுவாயிற்றே, இதில் அநியாயம் எங்கே என்று கேட்கலாம். அன்றைய வெற்றி தோல்வியைப் பொறுத்தவரை அநியாயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆடுகளத்தின் தன்மையும் மாலைப் பனியும் கயிற்றைவிட அதிகம் பேசும் என்பதற்கும் காரியவட்டமே சாட்சி: 2018-இல் மேற்கிந்தியத் தீவினர் 104 ஓட்டங்களிலும், மேற்சொன்ன இலங்கையர் 73 ஓட்டங்களிலும் அடங்கியது இங்கேதான், 2022-இல் தென்னாப்பிரிக்கா 9 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து நின்றதும் இங்கேதான். நஷ்டம் வேறோரிடத்தில் இருக்கிறது. சுழற்பந்து வீச்சாளர்களான பேடியும் பிரசன்னாவும் வெங்கடராகவனும் பயின்ற வித்தை, பந்தை ஆகாயத்தில் மிதக்கவிட்டு, மட்டையாளனை ஆசைகாட்டித் தூக்கி அடிக்கச் செய்து, எல்லையோரத்தில் காத்திருப்பவன் கையில் அதைச் சேர்ப்பிப்பது. கயிறு ஐந்து கஜம் உள்ளே வந்துவிட்டால், ஏமாந்தவன் ஆறு ஓட்டம் பெறுகிறான், ஏமாற்றியவன் தலைகுனிகிறான். மட்டையாளனுக்கும் இது நன்மையன்று. முழுத் தூரத்தைக் கடந்த சிக்சரும் சுருக்கிய தூரத்தைக் கடந்த சிக்சரும் ஏட்டில் ஒரே ஆறாக நிற்பதால், மெய்யான பராக்கிரமத்துக்குரிய மதிப்பு அவனுக்குக் கிட்டாமல் போகிறது.

சிக்சர் மழையைக் காணத்தானே மக்கள் வருகிறார்கள் என்பாரும் உண்டு. நாகர்கோவிலிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் பேருந்தேறி வரும் நம்மவர்கள் கயிற்றோரத்தில் ஒரு நல்ல கேட்ச்சைக் கண்டு எழுந்து நின்று ஆரவாரிப்பதைக் கண்டவர்கள், அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

இயன்ற அளவு பெரிய ஆடுபரப்பே நோக்கமாக இருக்க வேண்டும் என்று சர்வதேசக் கவுன்சிலின் விதியே கூறுகிறது. ஆகவே கேரள கிரிக்கெட் சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. காரியவட்டத்தில் பாதுகாப்புக்குரிய 3 கஜத்துக்கு மேல் ஓர் அடியும் கயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேர்ந்தெடுக்கப்படும் ஆடுகளத்தின் மத்தியிலிருந்து நான்கு திசைகளிலும் அளந்து, அந்த நான்கு எண்களையும் வேலியில் யாவரும் காணும்படி எழுதி, ஸ்கோர் பட்டியலோடு பத்திரிகைகளுக்கும் அனுப்புங்கள். ஓர் அளவு நாடாவும் இரண்டு ஆட்களும் இருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது.