மார்கழியில் வீடு விற்போர்க்கு

மார்கழி விடுமுறைக்குக் கடல் கடந்த பிள்ளைகள் மட்டக்களப்புக்கு வருவர்; பூட்டிக் கிடக்கும் தாய்வீட்டை விற்றுச்செல்ல விரைவர். மார்கழி ஆகாதென்றும் மழையென்றும் சிலர் தயங்குவர். ஆனால், வாங்குவோனுக்கு இதனினும் நல்ல காலமில்லை. வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகும். வெள்ளம் எந்தப் படிவரை ஏறும், கூரை எங்கே ஒழுகும் என்பவற்றை வீடே சொல்லிவிடும். விற்போன் அதனை மறைத்தல் அறமன்று.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பெறல் வேண்டும். அது சட்டம். இப்பகுதியிலோ வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் செல்வது வழக்கம். ஆதலின் ஒப்பமிடுமுன், ஊரிலிருக்கும் சகோதரியின் மனத்தையும் கேட்டறியுங்கள். விடுமுறை மீண்டும் வரும். விற்ற வீடு வாராது.