புகைக்கு ஒரு வழி

சமையலறைக்குப் புகைபோக்கி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் மோட்டார் வண்டியின் புகை எவ்வழியே போகிறது என்று கேட்டால், "அது மெக்கானிக்கின் பாடு" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். குடும்பத்தோடு வண்டியில் ஏறுகிறவர்கள் அவ்விதம் ஒதுங்கியிருப்பது உசிதமன்று.

யந்திரத்தின் சிலிண்டர்களில் எரிந்து வெளிவரும் புகையை ஒன்றுசேர்த்து, சைலன்ஸர் குழாய்க்குள் அனுப்பி வைப்பது 'எக்ஸாஸ்ட் மேனிபோல்டு' என்னும் கிளைக்குழாய். 2014-ம் வருஷத்தோடு உற்பத்தி நின்றுபோன நமது அம்பாஸடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரத்தில், காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். புகைக் குழாய் வார்ப்பிரும்பினால் ஆனது.

இதைப் பொருத்துவதற்குப் பலத்தைவிடப் பொறுமையே முக்கியம். யந்திரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். துருவேறிய பழைய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வைத்தால், மறுநாள் ஸ்டட் முறியும் சங்கடம் குறையும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாதபடி துவாரங்களில் துணியை அடைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அத்துணியை மறவாமல் எடுத்துவிடவும் வேண்டும்! குழாயின் முகத்தின்மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தால், அது வளைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கேஸ்கட் புதிதாகவே இருக்க வேண்டும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாகப் படியாது.

நட்டுகளை முதலில் கையாலேயே திருகி, பின்பு நடுவிலிருந்து இருபுறமும் மாறி மாறி, இரண்டு மூன்று தடவையாக, கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். ஓரங்களை முதலில் இறுக்கிவிட்டால் நடுப்பாகம் படியாமல் நிற்கும். வண்டி ஓடிச் சூடேறி, மறுபடி ஆறிய பிறகு இன்னொரு முறை இறுக்கத்தைப் பார்ப்பது அவசியம். ஏனெனில் சூட்டில் இரும்பு விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது. கேஸ்கட்டும் சற்று அமுங்கிவிடுகிறது.

இவ்வளவு கவனம் எதற்கு? பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாக அது பற்றிக்கொள்ளும். கசிவு வழியே அது வண்டிக்குள் புகுந்தால் முதலில் தலைவலியும் மயக்கமும் காணும். குழந்தைகள் அயர்ந்து தூங்குவதாக நினைத்து நாம் ஏமாந்துவிடலாம். காலையில் யந்திரத்தைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று சப்தம் கேட்டு, சூடேறச் சூடேற அது குறைந்தால், கசிவு இருக்கிறதென்று சந்தேகிக்க இடமுண்டு.

ஆகவே, வண்டி பழுது பார்க்கப்பட்டுத் திரும்பும்போது, கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "கேஸ்கட் புதிதுதானே? ஆறிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்த்தீர்களா?" என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். நல்ல தொழிலாளி இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். தம் வேலையின் அருமை தெரிந்தவர் ஒருவர் வந்திருக்கிறாரே என்று சந்தோஷமே அடைவார்.