மொட்டைமாடி ஏசி: உங்கள் ஆபீஸ் கரண்ட் பில்லை உண்மையில் முடிவு செய்வது எது?

ஏசியை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? 2025 ஜூனில் நாடே பேசிய கேள்வி இது. இனி வரும் ஏசிகள் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்விக்காது, 28 டிகிரிக்கு மேலே சூடாக்காது என்று விதி கொண்டுவரப் போவதாக மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர் அப்போது அறிவித்தார். அக்கறை நியாயமானதுதான். 2024 மே 30 அன்று நாட்டின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. ஏசி அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தி திறன் பணியகம்.

ஆனால் ரிமோட்டில் தெரியும் எண்ணைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அந்த மெஷினை மாடியில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று கேட்பதே இல்லை. குருகிராமிலோ நொய்டாவிலோ நீங்கள் ஒரு சின்ன ஆபீஸ், கிளினிக், உணவகம் நடத்துகிறீர்கள் என்றால், உங்கள் பணம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இது என்ன மெஷின்?

சூப்பர் மார்க்கெட், மல்டிபிளெக்ஸ், கல்யாண மண்டபம் போன்ற இடங்களின் மாடியில் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரசர், காயில், ஃபேன் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கும். குளிர்ந்த காற்று டக்ட் வழியாகக் கீழே இறங்கும். ஸ்ப்ளிட் ஏசியில் செப்புக் குழாய்களை இடத்துக்கு வந்து இணைக்க வேண்டும். இதில் கேஸ் ஓடும் குழாய்கள் தொழிற்சாலையிலேயே மூடப்பட்டு வருகின்றன. அதனால் கேஸ் கசியும் வாய்ப்பு குறைவு.

இதில் ஹீட் பம்ப் வகையும் உண்டு. குளிர்காலத்தில் அதே மெஷின் திசை மாறி, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டு வரும். மே மாதம் 45 டிகிரி, ஜனவரி இரவில் 5 டிகிரி என்று போகும் டெல்லி வட்டாரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். சாதாரண காயில் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் இரண்டு, மூன்று மடங்கு கூடத் தரும்.

எத்தனை டன்?

இங்கே 'டன்' என்பது எடை இல்லை, குளிர்விக்கும் திறன். 1 டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் சக்தி. "100 சதுர அடிக்கு ஒரு டன் போட்டுடலாம் சார்" என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். மேற்குப் பக்கம் எவ்வளவு கண்ணாடி, எத்தனை பேர், எத்தனை கம்ப்யூட்டர், கூரையில் வெப்பத்தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து வெப்பச் சுமையைக் கணக்கிட வேண்டும்.

"பெருசா போட்டா நல்லதுதானே?" இல்லை. தேவைக்கு மேல் பெரிய யூனிட் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், மறுபடி ஓடும். காற்றின் ஈரப்பதத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. உடனே யாராவது இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள். பில் ஏறும், கம்ப்ரசரும் சீக்கிரம் தேயும்.

மாடியில் நடக்கும் தவறுகள்

10 டன் யூனிட் ஒன்று சுமார் அரை டன் எடை இருக்கும். அதைத் தாங்கும் பலம் கூரைக்கு உண்டா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்தாக வேண்டும். யூனிட் உட்காரும் அடிச்சட்டம் மட்டமாக இருக்க வேண்டும். அதைச் சுற்றி நீர்க்காப்பு சரியாகச் செய்யாவிட்டால், முதல் மழையிலேயே உங்கள் சீலிங் ஒழுகும்.

அடுத்தது காற்று. வெயில் படக் கூடாது என்று யூனிட்டுக்கு மேலே தகர ஷெட் போடுகிறார்கள். வெளியே தள்ளிய சூடான காற்றையே மெஷின் திரும்ப இழுக்கிறது. 45 டிகிரி வெயிலில் ஏற்கெனவே திணறும் யூனிட்டுக்கு இது கூடுதல் தண்டனை. புதுக்காற்று எடுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்கோ சமையலறைப் புகைக்கோ பக்கத்தில் இருந்தால், அந்த நாற்றமும் உள்ளே வரும்.

டக்ட் இணைப்புகளில் இடைவெளி விட்டால், நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று மாடிக்கே போய்விடும். தண்ணீர் வெளியேறும் குழாயில் யு வடிவ வளைவு இல்லாவிட்டால், ஃபேனின் உறிஞ்சல் தண்ணீரைத் தடுத்து யூனிட்டுக்குள்ளேயே தேக்கும். மூன்று ஃபேஸ் ஒயர்களின் வரிசை மாறினால் ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றும்.

இவற்றில் எதையும் ஸ்டார் லேபிள் சொல்லாது. அந்த நட்சத்திரங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்தவை.

சட்டம் எங்கே?

2017இன் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை உள்ள வணிகக் கட்டடங்களில்தான் தொடங்கியது. சின்ன கிளினிக்கும் உணவகமும் அந்த வரம்புக்குக் கீழே. 2019இல் வந்த இந்திய குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23க்குள் 1 லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் இதே திட்டம், 2037-38க்குள் நாட்டின் குளிர்விப்புத் தேவை 2017-18ஐவிட சுமார் 8 மடங்காகும் என்று கணிக்கிறது. அவ்வளவு மெஷின்களையும் பொருத்தப் போவது யார்?

இது பில் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. 2024 ஆகஸ்டில் டெல்லி கரோல் பாக் பகுதியில், மாடியிலிருந்து விழுந்த ஏசி அவுட்டோர் யூனிட் ஒன்று கீழே ஸ்கூட்டரில் இருந்த 18 வயது இளைஞரின் உயிரைப் பறித்தது. மேலே ஏறி வேலை செய்பவருக்கும் ஆபத்து குறைவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி விளிம்பில், இடுப்பில் கயிறுகூட இல்லாமல் வேலை செய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

வாடகை ஆபீஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மெஷின் வாங்குவது கட்டட ஓனர், பில் கட்டுவது நீங்கள். குறைந்த விலைக்கு வேலையை முடித்தால் லாபம் அவருக்கு, நஷ்டம் மாதாமாதம் உங்களுக்கு. ஆகவே ஒப்பந்தம் போடும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, வெப்பச் சுமைக் கணக்கு. இரண்டு, கூரை பலம் பற்றிய இன்ஜினியரின் கையெழுத்து. மூன்று, யூனிட்டை ஓட்டிக் காட்டி எடுத்த அளவுகள்: காற்றின் அளவு, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியர். நான்கு, மாடியில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்பு பெல்ட்டும் காப்பீடும்.

"இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்பார்கள். உண்மைதான். கேட்கும் வாடகைதாரர்கள் கூடினால்தான் கொட்டேஷனிலேயே இவை இடம்பெறும். 20 டிகிரியா, 24 டிகிரியா என்பதை அரசு முடிவு செய்யட்டும். அந்த எண்ணைத் தொட உங்கள் மெஷின் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பது, அது மாடி ஏறும் அந்த ஓரிரு நாள் வேலையிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது.