மூன்றாவது கிட்னியும் எட்டாவது ரிப்ளியும்

எனக்கு மொட்டை பொருத்தமாக இல்லை என்று இந்த வாரம் பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். நான் கணக்கு எழுதப் போகும் ஆடிட்டர் ஆபீசில் மொத்தமே ஒன்பது பேர்தான். மீதி இரண்டு, டீ கொண்டுவரும் பையனும் ஜி.எஸ்.டி. நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு அழாத குறையாக வந்த ஒரு பாத்திரக் கடைக்காரரும். அவ்வளவு துக்கத்திலும் அவருக்கு என் தலை கண்ணில் பட்டிருக்கிறது.

"சமயபுரமா சார்?"

"ஆமாங்க."

"என்ன வேண்டுதல்?"

"ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தேன், அதனால."

மனிதர் நோட்டீசை மறந்துவிட்டு என்னையே பார்த்தார். நான் சொன்னதில் பாதி உண்மை. மீதி பாதி என் அக்கா.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு ஒருத்தி தாகத்தோடு இருந்தாள். நான் கொடுக்கிறேன் என்று வீரமாகப் போனேன். ரத்த வகை ஒத்துவரவில்லை. (உள்ளூர ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அக்கா இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.)

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. அந்த வரிசையில் அக்காவும் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். போன புரட்டாசியில் ஒரு ராத்திரி போன் வந்தது. யாரோ, எங்கேயோ. பேர் சொல்ல மாட்டார்கள், ஊர் சொல்ல மாட்டார்கள். அதுதான் நடைமுறை. விடிந்து, மத்தியானத்துக்குள் அக்காவின் அடிவயிற்றில் மூன்றாவதாக ஒரு கிட்னி இருந்தது. பழையதை எடுக்க மாட்டார்களாம், அது பாட்டுக்கு இருக்குமாம். வராக்கடனைத் தள்ளுபடி செய்யாமல் லெட்ஜரில் அப்படியே தூக்கிக்கொண்டு போவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பி.காம். புத்தி.

கொஞ்ச மாதங்களுக்குக் கூட்டத்தில் போகக்கூடாது, யாரும் கிட்ட வரக்கூடாது, மாஸ்க். அக்கா ஒரு அறை, நான் கதவோரம் ஒரு நாற்காலி, நடுவில் என் லேப்டாப். அப்படித்தான் இருவரும் ஏலியன் படங்களை வரிசையாகப் பார்த்தோம். 1979-ல் முதல் படம். கதாநாயகி ரிப்ளி, நடித்தவர் சிகோர்னி வீவர். கதையைத் திருச்சி பாஷையில் சொல்வதென்றால், விண்வெளியில் ஒரு பிராணி, மனுஷன் நெஞ்சுக்குள் குஞ்சு வைத்து, அது கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதை ஆயுதமாக்கி விற்கலாம் என்று ஒரு கம்பெனி அலைகிறது. நாலு படத்திலும் ரிப்ளிக்கு இரண்டு எதிரி. பல்லுள்ள எதிரி, கோட்டுப் போட்ட எதிரி.

மூன்றாவது படத்தில் (1992) ஒரு சிறைக் கிரகத்தில் வந்து விழுகிறாள். அங்கே பேன் தொல்லை, அதனால் மொட்டை. நெஞ்சுக்குள் அந்த ராணிக் குஞ்சு வளர்கிறது என்று தெரிகிறது. கம்பெனிக்காரர்கள் வந்து, "வா, ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடுகிறோம்" என்று நைச்சியமாகக் கூப்பிடுகிறார்கள். ரிப்ளி இரண்டு கையையும் விரித்து, உலோகம் கொதிக்கும் உலையில் மல்லாந்து விழுகிறாள். விழும்போதே குஞ்சு நெஞ்சைப் பிளந்து வெளியே வருகிறது. அதைத் தப்பவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து அணைத்துக்கொண்டே போகிறாள்.

வெள்ளைக்கார விமர்சகர்கள் அந்த விரிந்த கைகளில் சிலுவையைப் பார்த்தார்கள். அவர்கள் ஊரில் அது சரி. அக்கா வேறொன்றைப் பார்த்தாள்.

"டேய், இது நம்ம சமயபுரம்டா. மொட்டை, நெருப்பு, மார்ல புள்ள."

யோசித்துப் பார்த்தேன். அக்கினிச்சட்டி எடுத்து வருகிறவர்கள், கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து வருகிறவர்கள், சந்தனம் பூசிய தலைகள். ஹாலிவுட்டில் செட் போட்டவருக்கு டோல்கேட் பஸ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் படம் அச்சு அசலாக வந்து விழுந்திருந்தது. 2024-ல் வந்த 'கல்கி 2898 ஏ.டி.'யில் தீபிகா படுகோன் வயிற்றில் பிள்ளையோடு தீயைக் கடந்து வருகிறாரே, அங்கே புராணத்தை வேண்டுமென்றே எடுத்து வைத்தார்கள். இங்கே அது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கிறது.

நாலாவது படம் 1997. இருநூறு வருஷம் கழித்து, எங்கோ எடுத்து வைத்திருந்த ரத்தத்திலிருந்து ரிப்ளியைக் குளோனிங்கில் திரும்பப் பிறக்க வைக்கிறார்கள். சுஜாதா வளர்ந்த ஊர்க்காரன் நான், அவருடைய எந்திர நாயே 'மீண்டும் ஜீனோ' என்று அடுத்த நாவலுக்குத் திரும்பி வந்த நாய்தான், ஆகவே இதற்கெல்லாம் நான் அசரக்கூடாது. அசரவில்லை. படமும் சுமார்தான். ஆனால் ஒரு காட்சி.

விஞ்ஞானிகளுக்கு வேண்டியது ரிப்ளி இல்லை, அவள் நெஞ்சுக்குள் இருக்கும் ராணி. அதை எடுத்துவிட்டார்கள். இவள் உபரி. பழைய ஞாபகங்கள் அரைகுறையாக இருக்கின்றன, ரத்தம் மட்டும் அந்தப் பிராணியுடையது மாதிரி இரும்பை அரிக்கிறது. கையில் 8 என்று பச்சை குத்தியிருக்கிறது. ஏன் எட்டு? ஒரு அறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே ஒன்றிலிருந்து ஏழு வரை. சரியாக வராத ரிப்ளிகள், கண்ணாடிக்குள். ஏழாவது மட்டும் உயிரோடு, மேஜையில் படுத்தபடி, "என்னைக் கொன்றுவிடு" என்கிறது. இவள் அழுதுகொண்டே அந்த அறையை எரிக்கிறாள்.

அக்கா "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். மாத்திரை நேரம் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாரியம்மன் கதையில அந்த இன்னொருத்தி பேரு என்னடா?"

கதை உங்களுக்குத் தெரியும். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. சுடாத மண்ணில் குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவரும் கற்பு. ஒரு நாள் தண்ணீரில் ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் வியந்தாள், குடம் கரைந்தது. முனிவர் மகனைக் கூப்பிட்டு அம்மாவை வெட்டு என்றார். பரசுராமன் துரத்தினான். ரேணுகா ஓடிப்போய், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டாள். அவளும் விடவில்லை. இரண்டு தலையும் விழுந்தன. பிறகு வரம் கேட்டு உயிர் கொடுக்கும்போது, அவசரத்தில் ரேணுகாவின் தலையை அந்தப் பெண்ணின் உடம்பில் வைத்துவிட்டான். எழுந்தவள் மாரியம்மன். இன்றைக்கும் குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி சிரசுத் திருவிழா. தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து உடம்பில் பொருத்துவார்கள்.

தலைக்குப் பேர் இருக்கிறது. கணவன் பேர், பிள்ளை பேர் எல்லாம் இருக்கிறது. உடம்பு கொடுத்தவள் பேர் எனக்குத் தெரியவில்லை.

"தெரியலக்கா."

"வேதாளம் கேட்டா விக்ரமாதித்தன் என்ன சொல்வான்? தலை யாருதோ அவங்கதான்னு சொல்வான். சொல்றவனுக்கென்ன, அவனுக்குத் தலை இருக்கு."

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். என் அக்கா முன்பு இப்படிப் பேசுகிறவள் இல்லை. யார் எது சொன்னாலும் "சரி" என்கிறவள். இப்போது மாமாவிடமே பதிலுக்குப் பதில். முகமும் மாத்திரையில் உப்பிப்போய் வட்டமாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள், "வேற யாரோட கிட்னியோ, அவங்க குணம் வந்திருக்கும்" என்று காதைக் கடித்தார். இது சுத்த அபத்தம். கிட்னிக்குக் குணம் கிடையாது, மூன்று வருஷம் ஊசிக்கும் தாகத்துக்கும் கையை நீட்டிக்கொண்டிருந்தவளுக்குத்தான் குணம் உண்டு. ஆனால் நானும் ஒரு தப்புப் பண்ணினேன்.

"கவலைப்படாதக்கா, மாத்திரையைக் குறைச்சா நீ பழையபடி ஆயிடுவே."

அக்கா மாஸ்க்குக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"பழையபடி ஆனா, அந்தப் பொண்ணோ பையனோ எங்கடா போவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப் சார்ஜர் ஒயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் சமயபுரத்தாளையே யோசித்துக்கொண்டிருந்தேன். கோகுலத்தில் பிறந்த பெண் குழந்தையைத் தூக்கிவந்து சிறையில் வைத்து, கண்ணனை அந்தப் பக்கம் அனுப்பினார்களே, கம்சன் கல்லில் அடிக்கப் போக, அவன் கையிலிருந்து நழுவி வானத்துக்குப் போன அந்தக் குழந்தைதான் சமயபுரத்தில் இருப்பவள் என்று ஒரு கதை. அவளையும் யாரும் கேட்கவில்லை. தலவரலாறோ, முதலில் ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தாள், உக்கிரம் தாங்காமல் வெளியே கொண்டுபோய்க் கண்ணனூரில் விட்டார்கள் என்கிறது. அனுப்பிவிட்டு அண்ணன் சும்மா இருக்கவில்லை. தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரைக்கு அவள் வர, ரங்கநாதர் கோயிலிலிருந்து சீர்வரிசை போகிறது. எங்கள் ஊரில் எல்லா அண்ணன் தம்பியும் இப்படித்தான், முதலில் தப்புப் பண்ணிவிட்டுப் பிறகு தட்டில் பழம் வைத்துக்கொண்டு போவோம்.

அவளோ மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் ஆரம்பித்து 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். பக்தர்களுக்காக அம்மனே இருக்கும் விரதம். நீர்மோர், பானகம், இளநீர், துள்ளு மாவு, அவ்வளவுதான். அக்காவுக்கு இளநீரும் கிடையாது என்று இருந்த நாட்களில் அம்மா வேண்டிக்கொண்டது, "பிழைச்சு வந்தா அவளுக்கு மொட்டை போடறேன் தாயே."

பங்குனியில் அந்தக் கணக்கை முடிக்க வேண்டும் என்று அம்மா ஆரம்பித்தாள்.

"கூட்டத்துக்கு நான் போகக்கூடாது. தவிர, என்னைக் கேட்டா வேண்டிக்கிட்டே?" என்றாள் அக்கா.

"குலம் தழைக்க யார் போட்டா என்ன" என்று அம்மா சட்டென்று என் தலையைப் பார்த்தாள். என்னையும் யாரும் கேட்கவில்லை. 2021-லிருந்து அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

கிளம்பும்போது அக்கா ஒரு ஐந்நூறு ரூபாயை நீட்டினாள்.

"அர்ச்சனை ரெண்டு பண்ணு. ஒண்ணு என் பேர்ல."

"இன்னொண்ணு?"

அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வரும்போது அவள் கையில் இளநீர் இருந்தது, ஸ்ட்ரா போட்டு. முழுசாகக் குடித்தாள். நான் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

சந்தனம் பூசிய தலை காய்ந்து இழுக்க, வரிசையில் இரண்டு மணி நேரம். முன்னால் ஒரு பாட்டி, பின்னால் கரும்புத் தொட்டில். குருக்கள் முதல் சீட்டை வாங்கி, பேர், நட்சத்திரம் கேட்டார். சொன்னேன். இரண்டாவது சீட்டை வாங்கினார்.

"பேரு?"

"தெரியாதுங்க."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது."

பின்னால் கூட்டம் நெருக்கியது. அவர் என் மொட்டையை ஒரு தரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"பேர் தெரியலேன்னா பரவாயில்ல. அம்பாள் பேருக்கே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.