துருப்பிடித்தது கத்தியா, கருத்தா?

கியா பார்மை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கும் நான், சென்ற மாதம் என் பாட்டனாரின் சவரக் கத்தியைப் புதுப்பித்தேன். அது கண்டு என் சுற்றத்தார் கொண்ட ஆத்திரமே இதனை எழுதத் தூண்டிற்று. "இங்கிலீஷ் படித்து உத்தியோகத்துக்கு வந்த பின்னும் இந்தச் சனியனை ஏனப்பா எடுத்தாய்? நாலு பேர் பார்த்தால் சாதி தெரிந்துவிடாதா?" என்றார் என் சிற்றப்பா.

என்னே விந்தை! லண்டன் மாநகரில் 1540-இல் நாவிதரும் ரண வைத்தியரும் சட்டப்படி ஒரே சங்கத்தினராயினர். 1745 வரை அவ்வாறே இருந்தனர். பின்னர் அங்கே ரண வைத்தியம் பெருமதிப்புப் பெற்றது. நம் நாட்டு நாவிதரும் ரண வைத்தியம் செய்தவரே. அவர்தம் பெண்டிர் பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவர் என்னும் பெயரும் அவர்க்குண்டு. ஆயினும், பிறந்த குழந்தையை முதலில் ஏந்திய கையையே தீட்டென்று ஒதுக்கியது நம் சமூகம். அக்கத்தியின் கீழே கழுத்தை நீட்டியபோது அந்தத் தீட்டு எங்கே போயிருந்ததோ?

5,000 அடிக்கு மேற்பட்ட இம்மலையின் பனியீரம் இரும்பைச் சும்மா விடுவதில்லை. கத்தியை எண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் கொண்டு கையாலேயே தேய்த்தேன். இயந்திரச் சாணையில் சூடேறினால் எஃகின் பதம் கெட்டுவிடும். துரு நீங்கிற்று, அது அரித்த சில குழிகள் மட்டும் நின்றன. அவை வெட்டும் விளிம்பை எட்டவில்லை. பூச்சி அரித்த கொம்புப் பிடியின் ஆணியை அராவிக் கழற்றினேன். முதிர்ந்த தேயிலைச் செடியின் அடிமரத்தில் இரண்டு மெல்லிய பட்டைகள் இழைத்து, பித்தளை ஆணியால் பிணைத்தேன். சாணைக்கல்லிலும் தோல்வாரிலும் தீட்டியபின், பாட்டனார் காலத்துக் கூர் திரும்பிற்று.

"அங்ஙனமாயின் குலத்தொழிலைப் போற்றுகிறாயோ?" எனச் சில அன்பர் வினவலாம். ஒருக்காலும் இல்லை! தந்தை பிடித்த கத்தியை மகனும் பிடித்தே தீரவேண்டும் என்ற கட்டளை, அந்தப் பூச்சி அரித்த பிடியைப் போன்றது; குப்பைக்கே உரியது. உழைப்போ எஃகு. அதனை எறிய எவருக்கு உரிமை? மேடையில் "சாதி ஒழிக" என முழங்கிவிட்டு, வீட்டில் பாட்டனின் கருவியைப் பரணில் ஒளிப்பவர், அக்கருவியைத் தாழ்ந்ததென்று சொன்னவரின் தீர்ப்பையன்றோ ஒப்புக்கொள்கிறார்?

வரும் ஞாயிறன்று சிற்றப்பா விருந்துக்கு வருகிறார். கத்தி கூடத்து மேசைமீதே இருக்கும்.