உவர்ஜலத் தொட்டியில் நைட்ரேட்டு: குறைக்கும் வழி யாது?

என் ஆபீஸ் தாழ்வாரத்தில், 200 லிட்டர் உப்பங்கழி ஜலம் கொண்ட கண்ணாடித் தொட்டியொன்றில் மடவைக் குஞ்சுகள் வளர்ந்து வருகின்றன. விதை வாங்க வரும் குடியானவர்கள் அதைக் கண்டு, "பயிர்த்தொழில் உத்தியோகஸ்தருக்கு மீன் எதற்கு?" என்று நகைப்பதுண்டு. இக்கடற்கரைத் தாலுக்காவில் நெல் வயலை அடுத்து இறால் குட்டைகளும் இருக்கின்றன. குட்டையின் அடியில் நடப்பதைக் கரையில் நின்று காண இயலாது. கண்ணாடியின் வழியே காணலாம். அங்ஙனம் கண்டதை வாசகர்களுக்குத் தெரிவித்து, அதன்மேல் என் அபிப்பிராயத்தையும் கூற விரும்புகிறேன்.

தீவனத்திலுள்ள நைட்ரஜனில் மீன் அல்லது இறாலின் உடலிற் சேர்வது ஏறக்குறையக் கால் பாகமே. மிகுதியெல்லாம் கழிவாகவும், தின்னாது எஞ்சிய தீவனமாகவும் ஜலத்தில் தங்கி அம்மோனியாவாகிறது. அதனை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இஃது உயிர்களின் வேலையே என்பதை ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற பிரெஞ்சு சாஸ்திரிகள் 1877-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். நமது புன்செய் மண்ணிலும் இதே வேலை நடைபெறுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொடிய விஷம்; நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. ஆயினும் போக்கிடமின்றி நாளுக்கு நாள் சேர்ந்து வருமாயின், பாசி மண்டும், மீன் சோரும். உப்புக் குறைந்த ஜலத்தில் இறாலுக்கு அதனால் விளையும் கெடுதல் இன்னும் அதிகம்.

தொட்டிக்கு நாள்தோறும் 2 கிராம் தீவனம் இட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரேட்டு சேர்ந்துவிட்டது. (சோதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில சோதனைச் சீட்டுகள் நைட்ரேட்டைக் காட்டும்; சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். பின்னதில் 1 என்பது முன்னதில் 4.43 ஆகும். இதை அறியாது கலங்கினவரும் உண்டு, அலட்சியமாயிருந்தவரும் உண்டு.)

முதலில் வாரந்தோறும் கால் பங்கு ஜலத்தை மாற்றினேன். தீவனமே இடாதிருந்தால் 80 என்பது 60 ஆகி, பின் 45 ஆகி, பின் 34 ஆகியிருக்கும். ஆனால் இடையிடையே தீவனம் விழுந்துகொண்டிருந்தமையால், அளவு 50-க்கருகில் வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஓட்டைக் குதிருக்கு நெல் அளப்பது போன்ற வேலை இது.

அடுத்து, சிலர் சொற்படி சிறிது வெல்லப்பாகு கரைத்து ஊற்றினேன். இதற்குச் சாஸ்திர ஆதாரம் உண்டு. காற்றுப் படாத சேற்றிலுள்ள சில நுண்ணுயிர்கள், இனிப்பு முதலிய கரிப்பொருளைத் தின்று, நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை ஆகாயத்தில் விட்டுவிடுகின்றன. நீர் நின்ற நெல் வயலில் நாம் இடும் உரத்தில் ஒரு பகுதி வீணாவதும் இதே முறையில்தான். வயலில் நஷ்டமென்று நாம் வருந்துவது தொட்டியில் லாபமாகும். ஆனால் அளவு தப்பினால் பிராணனுக்கே மோசம். மறுநாள் ஜலம் பால்போல் வெளுத்தது, விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாய் திறந்தன, பாதி மாண்டன. கடல் ஜலத்தில் கந்தகச் சத்து மிகுதியாதலின், அடிச்சேற்றில் அழுகிய முட்டை நாற்றமும் எழுந்தது. ஆகையால் அனுபவமில்லாதவர் இம்முறையில் இறங்குவது சிலாக்கியமன்று.

முடிவில் பயன்பட்டவை மூன்று எளிய காரியங்கள். தீவனத்தைப் பாதியாக்கினேன், 50 என்பது சில வாரங்களில் 25-க்கு இறங்கிற்று. அடியிற்படிந்த அழுக்கை ரப்பர் குழாயால் வாரந்தோறும் உறிஞ்சி எடுத்தேன். ஒரு மூலையில் கஞ்சிப்பாசி வளர்த்து, மிகுந்ததை அவ்வப்போது அறுத்தெடுத்தேன். அறுக்காத பாசி அழுகித் தான் உண்டதை ஜலத்திற்கே திருப்பிக் கொடுத்துவிடும். இப்பொழுது அளவு 10-க்கும் 15-க்கும் இடையில் நிற்கிறது. மீன்கள் இளைக்கவுமில்லை.

இத்தொட்டி வைத்ததற்கு முன் நிகழ்ந்த ஒரு விஷயத்தையும் மறைக்க நான் விரும்பவில்லை. குட்டை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தபோது, "ஜலத்தை மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லியனுப்பினேன். அவர் மதகைத் திறந்து பாசன வாய்க்காலில் விட்டார். நான்காம் நாள் அடுத்த வயல்காரரின் நாற்றங்கால் நுனி கருகி, ஒரு வாரத்தில் வைக்கோலாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. கருகிய நாற்றில் ஒரு முடியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாற்றச் சொன்ன நான், மாற்றிய ஜலம் எங்கே போகுமென்று கேளாதது என் குற்றமே.

"நைட்ரேட்டு உரந்தானே, வயலுக்கு நல்லதல்லவா?" என்று சில மிராசுதார்கள் கேட்கிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். குட்டை ஜலத்தில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரேட்டும் 20 கிராம் உப்பும் இருக்குமானால், ஒரு பங்கு உரத்தோடு 250 பங்கு உப்பும் வயலில் ஏறுகிறது. லிட்டருக்கு 2 கிராம் உப்பையே தாங்காது வாடும் இளநாற்று, அதற்குப் பதின்மடங்கை எங்ஙனம் தாங்கும்? வாய்க்காலோரக் கிணற்றுக்கோ உப்பு ஒரு கேடு, நைட்ரேட்டு மற்றொரு கேடு. குடிஜலத்தில் நைட்ரேட்டு மிகுந்தால் கைக்குழந்தைகள் நீலம் பாரித்துப்போகுமென்பது 1945-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வெளிப்படுத்தப்பட்டது. நமது நாட்டில் குடிஜலத்திற்கு விதித்துள்ள எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுவே: நைட்ரேட்டைக் குறைக்க வேண்டிய இடம் மதகன்று, தீவன மூட்டை. 35 சதவீதம் புரதமுள்ள 1,000 கிலோ தீவனத்தில் 56 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இறாலிற் சேர்வது 14 கிலோ போக, 42 கிலோ குட்டையில் நிற்கும். செலவில் ஏறக்குறைய பாதி தீவனத்திற்கே போகிறதாதலின், இதில் சிக்கனம் பிடிப்பது சொந்த லாபமுமாகும். தீவனத் தட்டை இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்து, மீதியிருந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். அறுவடைக்குப் பின் அடிச்சேற்றை வாரிக் குட்டையைக் காயவிட வேண்டும். வெளியேறும் ஜலத்தை நேரே வாய்க்காலில் விடாமல், தெளிகுட்டை ஒன்றில் நிறுத்தி, மடவையும் பாசியும் வளர்த்து, தெளிந்ததையே திரும்ப இறைத்துக்கொள்வது உத்தமம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். விவசாய நிலங்களை இறால் குட்டைகளாக மாற்றலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கடலோரப் பண்ணைகள் பதிவு பெற வேண்டுமென்று 2005-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. இவற்றைத் தகராறு முற்றி, நாற்று கருகிய பின் எடுத்துக் காட்டுவதினும், நாற்று விடுவதற்கு முன்னரே ஒருமுறை வாய்க்கால் வழியே நடந்து, எந்த மதகு எங்கே திறக்கிறதென்று பார்த்து வைப்பது நலம். அவ்வாறு நடக்கும்போது சொல்லியனுப்பினால், சோதனைப் பெட்டியுடன் நானும் வரச் சித்தமாயிருக்கிறேன்.