புராதனச் செல்வமும் ஊரார் கடமையும்

அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் சிவாலயத்திலிருந்து களவு போன நடராஜ விக்கிரகம், 2014-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி டோனி அபட் டில்லிக்கு வந்திருந்தபோது நமது பிரதம மந்திரியிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. செய்தி கேட்டுத் தமிழ்நாடு மகிழ்ந்தது; அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அந்த மூர்த்தி எவ்வாறு போயிற்று, எதனால் திரும்பிற்று என்ற இரண்டு கேள்விகளையும் நம் ஜனங்கள் நிதானமாக விசாரித்ததாகத் தெரியவில்லை. விசாரித்திருந்தால், பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு ஜில்லாக்களிலும் இதற்குள் ஊருக்கு ஊர் ஒரு சரித்திரப் பதிவுச் சங்கம் தோன்றியிருக்க வேண்டும்.

களவு நடந்தது 2006-ல். கோவில் பூட்டிக் கிடந்தபடியால், எட்டு விக்கிரகங்கள் காணாமற் போன விஷயம் 2008-ல்தான் வெளிப்பட்டது. அதே வருஷத்தில், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. வியாபாரி வெறுங்கையோடு விற்கவில்லை. அந்த விக்கிரகம் 1970-லேயே டில்லியில் கிரயமானது என்று காட்டும் பத்திரம் ஒன்றும் கூடவே சென்றது. அந்த வருஷத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். புராதன வஸ்துக்கள் தேசத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் இப்போதைய சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. அதற்கு முந்திய தேதியைப் போட்டுவிட்டால் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடும் என்பது கள்ளர்களின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கலைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1990களில் ஸ்ரீபுரந்தான் கோவில் விக்கிரகங்களைப் படம் பிடித்து வைத்திருந்தனர். 1970-ல் டில்லியில் விலைபோனதாகச் சொல்லப்பட்ட மூர்த்தி, அதற்கு இருபது வருஷங்களுக்குப் பின்னரும் தன் ஊரிலேயே எழுந்தருளியிருந்ததற்கு அந்தப் படம் மறுக்க முடியாத சாக்ஷியாயிற்று. படத்தையும் கலைக்கூடத்து விக்கிரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டியவர்களில், சிங்கப்பூர் முதலிய இடங்களில் வேறு தொழில் செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் சிற்பக் கலையில் ஈடுபட்டிருந்த நம்மவர்களும் உண்டு. அதே கோவிலிலிருந்து போன உமா பரமேசுவரி விக்கிரகத்தைச் சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் மியூசியம் 2015-ல் திருப்பியனுப்பிற்று. அரியலூர் ஜில்லா விக்கிரகக் களவு வழக்கொன்றில் கும்பகோணம் கோர்ட்டு 2022 நவம்பரில் கபூருக்குப் பத்து வருஷ தண்டனை விதித்தது.

பூட்டு காக்கத் தவறியதைப் பதிவு மீட்டுக் கொடுத்தது. இதில் நம்மவர் வெட்கப்பட வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. அந்தப் பதிவைச் செய்தவர்கள் ஊராரல்லர்; ஜில்லாவாசிகளுமல்லர்; 1955-ல் பிரெஞ்சுக்காரர் ஸ்தாபித்த ஒரு நிலையத்தார். நம் வீட்டுச் சொத்துக்கு ஜாபிதா நம்மிடம் இல்லை, அயலாரிடம் இருந்தது. அவர்கள் அவ்வூருக்கு வராமற் போயிருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும் என்பதைச் சட்டம் அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பதிவும் சங்கமும் இல்லாத ஜனங்களின் கதி யாது என்பதற்கு அதே ஜில்லாவில் பழைய உதாரணம் ஒன்றிருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எடுப்பித்த பெருங்கோவிலின் கருங்கல் திருமதில் அணைக்குக் கல்லாகப் பெயர்த்துச் செல்லப்பட்டது. ஏழைக் குடிகள் தங்களால் இயன்ற மட்டும் தடுத்தார்கள்; அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகக் கும்பினி அதிகாரிகள் கொடுத்த வாக்குறுதியும் நிறைவேறவில்லை. இவ்வளவும் இன்று நமக்குத் தெரிவதே, 1855-ல் ஒரு பத்திரிகையில் வெளிவந்த குறிப்பினால்தான். பறிபோன மதிலின் அளவு என்ன, அதிலிருந்த சாசனங்கள் எத்தனை, சிற்பங்கள் எவை என்பதற்கு ஊரார் எழுதிவைத்த கணக்கு ஏதுமில்லை. தடுத்தவர்களிடம் பக்தி இருந்தது, தைரியமும் இருந்தது. கையில் ஆதாரமும் பின்னால் ஸ்தாபனமும் இல்லை.

நிற்க, கோவிலும் சாசனமும் மட்டுமே இவ்விரு ஜில்லாக்களின் செல்வமல்ல. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் கொண்டிருந்த பூமி இது. அக்கடலின் பிராணிகள் கல்லாய்ச் சமைந்து, இன்று சிமிண்டுக்காகத் தோண்டப்படும் சுண்ணாம்புப் பாறைகளில் கிடக்கின்றன. சாஸ்திர முறைப்படி இது வேறு துறை என்றாலும், கிணறு வெட்டும் குடியானவன் மண்வெட்டியில் பானை ஓடும் புதைபடிவமும் ஒன்றாகவே தட்டுப்படுகின்றன. 1840களில் சென்னை சர்க்கார் உத்தியோகஸ்தர்களான கே, கன்லிஃப் என்ற இரு வெள்ளைக்காரர்கள் ஓய்வு நேரத்தில் இவற்றைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-ல் அங்கே அவை பற்றி நூல் வெளிவந்தது. பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை 1940-ல் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அது இன்றும் காக்கப்பட்டு வருகிறது. ஆனால் அரியலூர் ஜில்லா கல்லமேட்டில் அகப்பட்டு, 1980களில் சாஸ்திரிகளால் வர்ணிக்கப்பட்ட ராக்ஷஸப் பல்லியின் எலும்புகள், உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்ட அந்த எலும்புகள், மழையிலும் ஈரத்திலும் நொறுங்கி மறைந்துபோயின. எஞ்சியவை சில சித்திரங்களும் புகைப்படங்களுமே. 2020-ல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, அவை ராக்ஷஸப் பல்லியின் முட்டைகள் என்று வதந்தி பரவிற்று. வல்லுநர்கள் வந்து, கடல் பிராணி இனமொன்றைச் சுற்றித் திரண்ட மண்கட்டிகள் என்று விளக்க வேண்டியதாயிற்று. ஒன்று நாசமாகிறது, மற்றொன்று வதந்தியாகிறது. இரண்டுக்கும் காரணம், ஊரில் விஷயமறிந்த நாலு பேர் ஒன்றுகூடி இல்லாமையே.

இத்தகைய சங்கங்கள் நமது தேசத்துக்குப் புதியனவல்ல. 1910-ல் வங்காளத்து ராஜஷாஹியில், வக்கீல் அக்ஷய குமார மைத்ரேயரும் நண்பர்களும் கூடி வரேந்திர ஆராய்ச்சிச் சங்கத்தை ஸ்தாபித்துக் கிராமம் கிராமமாகச் சென்று சிலைகளையும் சாசனங்களையும் திரட்டினார்கள். அவர்கள் தொடங்கிய மியூசியம் இன்று பங்களாதேஷில் நின்று நிலவுகிறது. அதே வருஷம் புனாவில் ராஜவாடே முதலியோர் பாரத இதிஹாஸ சம்சோதக மண்டலத்தை நிறுவினார்கள். அந்நிய ஆட்சியில், சர்க்கார் உதவியை எதிர்பாராமல், ஜில்லாப் பட்டணங்களிலிருந்த வக்கீல்களும் உபாத்தியாயர்களும் செய்த வேலை இது. சுயராஜ்யத்தில் அது நம்மால் ஆகாது என்று யார் சொல்ல முடியும்?

உதவிக்கும் குறைவில்லை. திருச்சிராப்பள்ளியில் கண் வைத்தியர் இரா. கலைக்கோவன் 1982-ல் ஏற்படுத்திய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம், பழுவேட்டரையரின் பழுவூர்க் கோவில்களைக் கல் கல்லாக ஆராய்ந்து நூலாக்கியிருக்கிறது. தஞ்சாவூரில் தோன்றிய தமிழகத் தொல்லியல் கழகம், ஊர்தோறும் புதிதாகக் கிடைக்கும் சாசனங்களை ‘ஆவணம்’ என்ற இதழில் வெளியிடுகிறது. 1887 முதல் வெளிவந்த சாசன இலாகா அறிக்கைகளும், 1890 முதல் வெளிவந்த ‘தென்னிந்திய சாசனங்கள்’ தொகுதிகளும், எந்த ஊரில் எந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கூறுகின்றன. மைசூரில் முடங்கிக் கிடந்த தமிழ்ச் சாசன மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டுமென்று 2021-ல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ராஜ்ய சர்க்காரின் தொல்லியல் இலாகா, சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980களிலும், மறுபடி 2021 முதலும் அகழ்ந்து, செங்கற் சுவர்களையும் கூரை ஓடுகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் வெளிப்படுத்தியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் ஊரார் அறிந்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆகையால் சங்கத்தார் கையில் மண்வெட்டிக்கு இடமில்லை. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர், அது இன்னது, இன்ன இடத்தில், இன்ன தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இதை அறியாமலும், அறிந்தும் பயந்தும், காசுகளை உருக்கிவிடுவோர் எத்தனையோ பேர். அவர்களிடம் சென்று சட்டத்தை விளக்கி, மனு எழுதிக் கொடுக்க ஒரு சங்கம் இருந்தால், பயமும் தீரும், பொருளும் பிழைக்கும்.

சங்கம் செய்ய வேண்டிய வேலை எளியது. ஆனால் இடைவிடாது செய்ய வேண்டியது. முதலாவது, ஊர்க் கோவிலிலுள்ள ஒவ்வொரு விக்கிரகத்தையும் அதிகாரிகளின் அனுமதி பெற்று முன்னும் பின்னும் படம் பிடித்து, உயரம், பீடம், ஊனம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். இரண்டாவது, பழைய அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சான சாசனங்கள் சுவரில் இன்னும் இருக்கின்றனவா, சுண்ணாம்பிலும் வர்ணத்திலும் மறைந்துவிட்டனவா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வயலிலும் ஏரிக்கரையிலும் கிடக்கும் சிலைகள், நடுகற்கள், ஈமக்குழிகள், புதைபடிவங்கள் ஆகியவற்றைச் சர்வே நம்பரோடு எழுதி, தாசில்தாருக்கும் இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் பிரதியும் ஊரில் ஒன்று, ஜில்லா நூல்நிலையத்தில் ஒன்று, ஜில்லாவுக்கு வெளியே ஒன்று என்று மூன்று இடங்களில் இருத்தல் அவசியம். சட்டைப்பையிலுள்ள டெலிபோனிலேயே புகைப்படக் கருவி இருக்கும் இக்காலத்தில், இவ்வேலைக்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும்.

இவையெல்லாம் சர்க்கார் வேலையல்லவா என்று சிலர் கேட்பார்கள். சர்க்காரின் கடமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெரம்பலூர் தனி ஜில்லாவானது 1995-ல்; அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மீண்டும் பிரிந்தது. எல்லைகள் மாறும், உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிப் போவார்கள். ஊரில் நிலையாக இருப்பவன் ஊரானே. படிப்பாளிகளல்லாதவர் கையில் சரித்திரம் புகழ்ச்சியாகிவிடும் என்று வேறு சிலர் அஞ்சுவர். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அளவும் தேதியும் படமும் இல்லாத எதையும் ஏற்பதில்லை என்று சங்கம் விதி செய்துகொள்வதே அதற்குப் பரிகாரம்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்ளூர் வளர்ச்சிக் குழுமத்தார் 2014-ல் ராஜேந்திரன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டு விழாவை எடுத்தார்கள். அங்கே 2025 ஜூலையில் நடந்த ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதம மந்திரியே வந்தார். விழாக்கள் நல்லவை, ஆனால் தீபம் அணைந்து பந்தல் பிரிந்த பிறகு, அந்த ஊரைச் சுற்றியுள்ள நூறு கிராமங்களின் ஜாபிதா யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் பெருங்கோவிலுக்குக் காவலர் உண்டு. பூட்டிக் கிடக்கும் சிறு கோவிலுக்கும், முள் மூடிய மேட்டுக்கும், சுரங்க ஓரத்துப் பாறைக்கும் அந்தந்த ஊராரே காவல். பெரம்பலூர், அரியலூர் பட்டணங்களின் வக்கீல்களும், உயர்தரப் பாடசாலை ஆசிரியர்களும், ஊர்க் காரியங்களில் முன்னிற்கும் வாலிபர்களும் இவ்விஷயத்தில் இனியும் தாமதிக்கலாகாது. ஊருக்கு ஐந்து பேரும் ஒரு கணக்குப் புஸ்தகமும் போதும். வேலையை இந்த மாதமே ஆரம்பிக்கலாம்.